தையில் தாலி, மாசியில் சாம்பல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் திருநீற்றுப் புதனுக்கும் நடுவில் நம் பங்கில் கைப்பிடித்த ஜோடிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். பிப்ரவரி 18-க்குள் கல்யாணத்தை முடித்தாக வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மண்டபம் மண்டபமாக அலைந்ததும், காலையில் ஒரு திருமணப் பூசை, மாலையில் இன்னொன்று என்று பாடகர் குழுவுக்குத் தொண்டை கட்டிப்போனதும், ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க ஆரம்பித்தால் பெயர்கள் முடிவேனா என்றதும் எனக்குத் தெரியும். உங்களில் பலர் திருமணத் தயாரிப்பு வகுப்பில் நானும் என் வீட்டுக்காரரும் பேசியதைக் கேட்டவர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்ததால் பாதிப்பேர் தூங்கியபடி கேட்டீர்கள். பரவாயில்லை. அங்கே பேசாமல் விட்ட விஷயம்தான் இது.

தவக்காலத்தில் கல்யாணம் வைக்காத வழக்கம் மிகப் பழையது. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம், திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் எட்டாம் நாள் வரை ஆடம்பரமாகத் திருமணம் நடத்தக் கூடாது என்று விதித்தது. இப்போது நடப்பில் உள்ள 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் நம் பக்கத்துப் பங்குகளில் மாசி, பங்குனியில் கல்யாண மேளம் கேட்பது அபூர்வம். கல்யாணத்தை எப்போது வைக்கக் கூடாது என்று இவ்வளவு கறாராகச் சொல்லும் நம் பெரியவர்கள், கல்யாணமானவர்கள் இந்த நாற்பது நாளை எப்படி வாழ வேண்டும் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. கறி சாப்பிடாதே, பூ வைக்காதே, புதுச்சேலை உடுத்தாதே, சினிமாவுக்குப் போகாதே என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். இதில் பாதி, புதுப்பெண்ணுக்கு மட்டுமே சொல்லப்படுவது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட அன்று வாசித்த முதல் வாசகம் நினைவிருக்கிறதா? யோவேல் இறைவாக்கினர் ஊரையே நோன்புக்குக் கூப்பிடுகிறார். முதியவர்கள், பிள்ளைகள், பால்குடிக் குழந்தைகள் என்று வரிசையாகச் சொல்லிவந்து, மணமகனும் மணமகளும்கூட அறையை விட்டு வரட்டும் என்கிறார். மோசேயின் சட்டத்தில் புதிதாகக் கல்யாணமானவனுக்கு ஓராண்டு போருக்குப் போவதிலிருந்தே விலக்கு உண்டு. மனைவியை மகிழ்விப்பதற்காக வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். யோவேலிடம் அந்தச் சலுகையும் கிடையாது. ஆனால் இரண்டே நாள் கழித்து, வெள்ளிக்கிழமை நற்செய்தியில், மணமகன் கூட இருக்கும்போது தோழர்கள் எப்படி நோன்பிருப்பார்கள் என்று இயேசு கேட்கிறார். ஒரே வாரத்தில் இரண்டையும் கேட்ட புதுத் தம்பதிக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். உங்களுக்கு விருந்துக் குழப்பம் வேறு. பெரியப்பா வீட்டு விருந்து பாக்கி, தாய்மாமன் வீட்டு விருந்து பாக்கி, எல்லாரும் பிரியாணி போடக் காத்திருக்கிறார்கள், வீட்டில் மாமியாரோ சாம்பல் புதனுக்கே கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். உங்கள் இல்லறத்தில் தவக்காலம் தொடங்குகிற இடம் அந்தப் பேச்சுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கல்யாணம் ஆனவர்களுக்குத் தனித்தவம் கிடையாது. ஒருவர் எடுக்கிற நேர்ச்சை எதுவானாலும் மற்றவர் சம்மதத்தோடு எடுக்க வேண்டும். அதனால் வீட்டில் கூடுகிற வேலையை நேர்ந்துகொண்டவரே ஏற்க வேண்டும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் செபத்துக்காக விலகியிருக்க விரும்பினால் இருவரும் ஒத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விலகியிருக்கலாம், பிறகு மீண்டும் சேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார். கணவன் உடல்மேல் மனைவிக்கும் உரிமை உண்டு என்று அந்தக் காலத்திலேயே அவர் எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அவரைவிடக் கறாராகிவிட்டார்கள். நடுக்கால ஐரோப்பாவில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கென்று எழுதிய கையேடுகள், உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நாற்பது நாளும் தம்பதியர் விலகியிருக்கச் சொல்லின. 1566-ல் வந்த உரோமைக் கற்பேடு, நற்கருணை வாங்குமுன் மூன்று நாளாவது விலகியிருக்கவும், தவக்காலத்தில் அடிக்கடி அப்படி இருக்கவும் பரிந்துரைத்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் உங்கள் படுக்கையறைக்குள் எந்த நாட்கணக்கையும் வைக்கவில்லை. பவுல் சொன்ன சம்மதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதனால் தம்பி, தவக்காலம் முடியும்வரை நான் தரையில் பாய் விரித்துப் படுக்கப்போகிறேன் என்று நீயாக அறிவிக்காதே. கல்யாணமாகி நாலு வாரம்கூட ஆகாத பெண் அதைக் கேட்டால், தன்னிடம் என்ன குறை என்றுதான் யோசிப்பாள். தங்கையே, உனக்கும் அதேதான். அம்மா வீட்டில் இப்படித்தான் இருப்போம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது பக்தி ஆகாது. லூயி மார்ட்டின், செலி மார்ட்டின் தம்பதியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோர். 1858-ல் கல்யாணம் செய்துகொண்டு, பத்து மாதம் போல அண்ணன் தங்கையாகவே வாழ்ந்தார்கள். அப்புறம் ஆன்ம குரு ஒருவர் எடுத்துச் சொன்னதைக் கேட்டு மனத்தை மாற்றிக்கொண்டு ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார்கள். 2015 அக்டோபர் 18-ல் அவர்களைப் புனிதராக்கியபோது, கணவன் மனைவியாகச் சேர்ந்து அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் தம்பதி என்று உலகமே பேசியது. எனக்கு அவர்கள் வாழ்வில் அதைவிடப் பிடித்தது வேறு. செலி சரிகைப் பின்னல் தொழில் நடத்தினார். வேலை பெருகித் தனியாகச் சமாளிக்க முடியாமல் போனபோது, லூயி தன் கடிகாரக் கடையை 1870-ல் கைமாற்றிவிட்டு மனைவியின் தொழிலுக்குக் கணக்கும் வெளிவேலையும் பார்க்க வந்துவிட்டார். நம்மூரில் அந்தக் காலத்தில் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இந்தக் காலத்திலும் பேசுவார்கள்.

இனி அடுப்படிக்கு வருகிறேன். தவக்காலம் அதிகம் நடப்பது அங்கேதான்.

சட்டம் என்னவோ இலகுவானதுதான். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை முழுச்சாப்பாடு, மற்ற இரு வேளை சிறிதளவு. 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையாதவர் வரை அதற்குக் கட்டுப்பட்டவர்கள். 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் வெள்ளிக்கிழமைகளில் கறி தவிர்க்க வேண்டும், நம் பாட்டிகள் சுத்தபோசனம் என்பார்களே, அது. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிற தாய்மாருக்கும் திருச்சபை விலக்கு அளிக்கிறது. தங்கைகளில் யாருக்காவது நாள் தள்ளிப்போய், காலையில் தலை சுற்றினால், தயவுசெய்து சாப்பிடுங்கள். மாமியார் முகத்துக்காகப் பட்டினி கிடப்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

இதற்கு மேல் நாமாகச் சேர்த்துக்கொள்வதில்தான் சிக்கல் வருகிறது. நாற்பது நாளும் மரக்கறிதான் என்று வீட்டுத் தலைவர் சபதம் எடுக்கிறார். நல்லது. ஆனால் பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும், சர்க்கரை வியாதிக்கார அப்பாவுக்கு வேறு சாப்பாடு, சபதக்காரருக்குத் தினமும் ஒரே சாம்பாரா என்று கேட்க முடியாமல் முகம் சுருங்குகிறது. அவியல், கூட்டு, துவையல், பொரித்த அப்பளம் என்று அவருடைய தவம் ஒரு கல்யாணப் பந்திபோல் விரிகிறது. கறிக்குழம்பு வைத்த நாளில் ஒரு மணி நேரத்தில் முடிந்த சமையல் இப்போது இரண்டரை மணி நேரம். தவம் செய்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், செய்யாதவள் காய் நறுக்குகிறாள். பக்கத்துத் தெருவில் இந்த ஆண்டு நம்மோடு ஒட்டியே நோன்பு தொடங்கிய பாய் வீடுகளிலும், சஹருக்குச் சமைக்க முதலில் எழுகிறவர் பெரும்பாலும் பெண்தான். எந்தச் சமயமானாலும் நோன்புக் கஞ்சியைக் கிளறுகிற கை ஒரே கையாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மீன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கறிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. அதை வைத்துக்கொண்டு நம் ஊர்க் கடற்கரையில் வெள்ளிக்கிழமை காலையில் சீலா மீனுக்கு விலை ஏறுவதைப் பார்க்கிறேன். கோழிக்கறியைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து மீன் வாங்கிப் பொரித்துத் தின்றுவிட்டு, சுத்தபோசனம் அனுசரித்தோம் என்று சொல்வதில் என்ன சுத்தம் இருக்கிறது? கடலோரத்தில் பிறந்தவனிடம் மீனைத் தின்று ஒறுத்தல் செய் என்பது வேடிக்கைதான். என் யோசனை: வெள்ளிக்கிழமைச் சமையலைக் கணவன் செய்யட்டும். கஞ்சியும் தேங்காய்த் துவையலும் போதும். சுமாராகத்தான் வரும். அதை மனைவி குறை சொல்லாமல் சாப்பிடுவது அவளுடைய ஒறுத்தல். மிச்சப்படுகிற காசு தவக்கால உண்டியலுக்கு.

இரு வேறு வழக்கங்களிலிருந்து வந்த ஜோடிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் சி.எஸ்.ஐ. வீட்டிலிருந்து வந்தவர்கள். லெந்து நாட்களில் மாலைதோறும் ஆராதனை, தியானம், பாட்டு என்று வளர்ந்திருப்பீர்கள், கறி தின்பதைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். சிலர் இந்து வீட்டுப் பிள்ளைகள், செவ்வாய் வெள்ளி விரதம் உங்களுக்குப் பழக்கம், சாம்பலும் திருநீறும் ஒன்றா வேறா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். புகுந்த வீட்டு வழக்கம்தான் சரி என்று யாரும் திணிக்க வேண்டாம். உன் அம்மா வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்று கணவன் கேட்கட்டும். அவளுடைய வழக்கத்தில் ஒன்று இந்த வீட்டுக்குள் நுழையட்டும். தங்கை வீட்டு லெந்துப் பாட்டு ஒன்றை மாலைச் செபமாலைக்குப் பிறகு பாடினால் மாமனார் மறுக்கவா போகிறார்?

அடுத்தது, குடி. இதைப் பற்றிச் சுற்றி வளைத்து எழுதிப் பிரயோசனமில்லை.

நம் ஊர் ஆண்கள் பலர் திருநீற்றுப் புதனோடு பாட்டிலை வைத்துவிட்டு உயிர்ப்பு ஞாயிறு வரை தொடுவதில்லை. நேர்ச்சையை மீறாத ஆண்கள் என்று அவர்களைப் பாராட்டுகிறோம். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அன்பியக் கூட்டம் முடிந்து பெண்கள் மட்டும் இருந்து பேசும்போது வேறு ஒன்று காதில் விழும். சாம்பல் புதன் வந்தால் வீடு அமைதியாகிவிடும் அக்கா, கையில் காசு நிற்கும், பிள்ளைகள் அப்பா மடியில் உட்காரும் என்பார்கள். பெரிய வாரம் நெருங்க நெருங்க அந்த முகங்கள் வாடும். அல்லேலூயா பாடி முடித்த மதியமே குப்பி திறக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆண்டவர் உயிர்த்த நாளைப் பார்த்து ஒரு கிறிஸ்தவ மனைவி பயப்படுகிறாள் என்றால், அந்த வீட்டில் நாற்பது நாள் நடந்தது தவம் இல்லை, இடைவேளை.

தம்பிகளே, உங்களுக்கு இன்னும் பழக்கம் முற்றவில்லை. நாற்பது நாள் உன்னால் முடிகிறது என்பது உனக்கே தெரிந்துவிட்டது. ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள், உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிந்தைய திங்கட்கிழமை எப்படி இருக்கப்போகிறது என்று மனைவியிடம் பேசிவிடு. அவள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேள். ஏற்கெனவே தினமும் குடிக்கிற நிலைக்குப் போனவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒன்று: வெறும் நேர்ச்சையை நம்பித் திடீரென்று நிறுத்தாதீர்கள். நாள்பட்ட குடியை ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, உயிராபத்துவரை போகலாம். மருத்துவரைப் பாருங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் கோவில் வளாகத்திலேயே நடக்கின்றன. அங்கே போவதும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதுபோல் வெட்கப்படாமல் போக வேண்டிய இடம்தான்.

சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வாசிக்கிற எசாயாவின் 58-ஆம் அதிகாரம், நோன்பு நாளிலேயே சண்டை போட்டுக் கையை ஓங்குகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. இப்படி நோன்பிருந்தால் உங்கள் குரல் மேலே எட்டாது என்கிறார் இறைவாக்கினர். வேலைக்காரரை நசுக்காதே, பசித்தவனுக்கு உன் உணவைப் பகிர்ந்து கொடு, உன் சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காதே என்று அடுக்குகிறார். 387-ல் அந்தியோக்கியா நகரத்தில் வரிக் கலகம் வெடித்து, மக்கள் பேரரசரின் சிலைகளை உடைத்துவிட்டுத் தண்டனைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த தவக்காலத்தில், புனித யோவான் கிறிசோஸ்தோம் நாளுக்கு நாள் மறையுரை ஆற்றினார். பறவையையும் மீனையும் தின்னாமல் விட்டுவிட்டு உடன்பிறந்தவர்களைக் கடித்துத் தின்கிறோமே, என்ன பயன் என்ற பொருளில் அவர் பேசியது அந்த உரைகளில்தான். பேதுருவின் முதல் திருமுகம் இன்னும் நேராகக் கணவர்களிடம் வருகிறது. மனைவியை மதித்து நடக்காவிட்டால் உங்கள் செபம் தடைபடும் என்கிறது. சிலுவைப் பாதை சொல்லிக்கொடுக்க முன்வரிசையில் நிற்கிற ஆண்கள் அத்தனை பேரும் இந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு நிற்கலாம்.

தங்கைகளுக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. அடி வாங்குவது சிலுவை சுமப்பது, பொறுத்துக்கொள், தவக்காலம் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய பக்திமானாக இருந்தாலும் கேட்காதீர்கள். 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' மடல், வன்முறைக்கு ஆளாகும் துணையையும் பிள்ளைகளையும் காப்பாற்றப் பிரிந்திருப்பதே சில வேளைகளில் அறநெறிப்படி அவசியம் என்று சொல்கிறது. 181 என்ற எண்ணை அழைத்தால் தமிழ்நாட்டில் பெண்களுக்கு உதவி கிடைக்கும். என் வீட்டுக் கதவும் திறந்தே இருக்கிறது.

சிலுவைப் பாதைக்கு வருகிறேன். வெள்ளிதோறும் மாலையில் பதினான்கு நிலைகள். அன்பியம் முறை வைத்து வீடு வீடாகவும் நடக்கிறது. உங்கள் வீட்டு முறை வரும்போது முப்பது நாற்பது பேருக்குச் சுக்குக் காபி போட வேண்டும், கூடத்தைத் துடைக்க வேண்டும், பாய் இரவல் வாங்க வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கு வந்த பெண் ஏழு மணிக்குள் இதையெல்லாம் முடித்துவிட்டு, நான்காம் நிலையில் அன்னை மரியாவைப் பற்றி மற்றவர்கள் உருகிச் செபிக்கும்போது அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஐந்தாம் நிலையில் சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவையைப் பிடித்துக்கொடுக்கிறார். அவர் தானாக வரவில்லை, வழியில் போனவரைப் பிடித்து இழுத்துத்தான் தூக்கச் சொன்னார்கள். வீட்டிலும் தானாக வராத சீமோன்களை இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இழுங்கள்.

மார்ச் 8, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. இந்த ஆண்டு வாசக வரிசைப்படி அன்று சமாரியப் பெண்ணின் நற்செய்தி. உலக மகளிர் நாளும் அதே நாளில் வருகிறது. ஐந்து கணவர்களைக் கண்டவள், நடுப்பகலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தவள். அவளிடம் இயேசு முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். அவள் குடும்பக் கதையை அவர் மறைக்கவும் இல்லை, அதை வைத்து அவளைக் குத்திப் பேசவும் இல்லை. மறையுரையில் சாமியார் என்ன சொல்வாரோ தெரியாது. வாட்ஸ்அப்பில் மகளிர் தின வாழ்த்தை ஃபார்வர்ட் செய்யும் தம்பிகள் அன்றைக்கு மட்டுமாவது குடத்தைத் தூக்கினால் எனக்குத் திருப்தி.

நான் ரொம்ப நாளாக யோசிக்கிற ஓர் இடம் பாடுகளின் வரலாற்றில் உண்டு. மார்ச் 29 குருத்து ஞாயிறு அன்று மத்தேயு நற்செய்தியிலிருந்து அதை வாசிப்பார்கள், கால் வலிக்க நின்றுகொண்டிருக்கும்போது கடந்து போய்விடும், கவனமாகக் கேளுங்கள். பிலாத்து தீர்ப்பு இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். அப்போது அவன் மனைவியிடமிருந்து ஆள் வருகிறது. அந்த நேர்மையான மனிதரின் காரியத்தில் தலையிடாதீர்கள், இன்று கனவில் அவர்பொருட்டு நான் மிகவும் துன்பப்பட்டேன் என்று சொல்லி அனுப்புகிறாள். அவ்வளவுதான், ஒரே ஒரு வசனம். காட்டிக்கொடுத்தவன், மறுதலித்தவன், ஓடிப்போனவர்கள், கூச்சல் போட்டவர்கள் என்று நிறைந்திருக்கிற அந்தக் கதை முழுவதிலும் ஒரு மனைவி தன் கணவனிடம் பேசுகிற இடம் இது மட்டுமே. நால்வரில் மத்தேயு ஒருவர்தான் இதை எழுதி வைத்திருக்கிறார். அவளுக்குப் பெயர்கூட அவர் தரவில்லை. கிரேக்க மரபுத் திருச்சபை அவளைப் புரோக்கிளா என்று அழைத்துப் புனிதராக வணங்குகிறது.

அந்த வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு இரவில் தூக்கம் போயிருக்கிறது. விடியற்காலையில் அவனை எழுப்பிக் கூட்டிப்போய்விட்டார்கள். நேரில் சொல்ல வாய்ப்பில்லை, ஆள் விட்டுச் சொல்கிறாள். ஆளுநர் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு, ஊரார் நடுவில், மனைவி சொல் அனுப்புவது கௌரவக் குறைச்சலாக இருந்திருக்கும். பதில் சொன்னானா, சிரித்தானா, ஒன்றும் எழுதப்படவில்லை. கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டான், வீட்டிலிருந்து வந்த சொல்லைக் கேட்கவில்லை. யூதேயாவில் அன்று சரியாகத் தீர்ப்பு சொன்னவர் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தார். தம்பிகளே, நண்பர்கள், சங்கம், கட்சி, அலுவலகம், அண்ணன் தம்பி என்று உங்களைச் சுற்றியும் கூட்டம் இருக்கிறது. இந்த நாற்பது நாளில் ஒரு பெரிய முடிவையாவது, அது கடன் வாங்குவதாக இருக்கலாம், நிலம் விற்பதாக இருக்கலாம், மனைவி என்ன நினைக்கிறாள் என்று முழுக்கக் கேட்ட பிறகு எடுங்கள்.

கணவன் கப்பலிலோ வளைகுடாவிலோ இருக்கிற தங்கைகள் மூன்று நான்கு பேர் உங்களிலும் உண்டு. கல்யாண விடுப்பு முடிந்து, சாம்பலுக்கு முன்பே விமானம் ஏறிவிட்டார்கள். உங்களுக்கு ஒறுத்தல் பற்றி நான் பாடம் எடுக்கப்போவதில்லை, அது உங்கள் தலையில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து ஒரு பத்துமணி செபமாலை சொல்லுங்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கொஞ்சிக்கொள்ளுங்கள், பாவமில்லை.

நம் குமரி மண்ணின் புனித தேவசகாயம் குடும்பஸ்தர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, சிறைப்பட்டு, 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டவர். 2022 மே 15-ல் புனிதராக்கப்பட்டார். அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனவர். விலங்கு பூட்டிய தேவசகாயத்தின் சுரூபத்தை எங்கும் பார்க்கிறோம், ஞானப்பூ அம்மாளை யாரும் வரைந்து மாட்டுவதில்லை. இந்தத் தவக்காலத்தில் அவரையும் நினைத்து ஒரு செபம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு காரியம். ஏப்ரல் 3 பெரிய வெள்ளி அன்று பங்கில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவது வழக்கம். அரிசி கழுவுவதிலிருந்து அண்டா தேய்ப்பது வரை எப்போதும் மாதா சபைப் பெண்கள்தான் செய்கிறார்கள், அதனால் அவர்களில் பாதிப்பேர் மூன்று மணித் திருச்சடங்குக்குத் தாமதமாக வந்து கடைசியில் நின்றுகொண்டிருப்பார்கள். இந்த ஆண்டு அந்த வேலையைப் புதுமாப்பிள்ளைகளிடம் விடலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். உங்கள் வீட்டில் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குக் கோவில் சமையற்கூடத்துக்கு வந்துசேருங்கள். தேங்காய் துருவத் தெரியாதவர்கள் அண்டா தேய்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் வகுப்பு அக்கா